வில்லை குத்திய மாலை

அம்மா கூடையோடு வண்டியிலிருந்து இறங்கியபோதே எனக்குச் சந்தேகம்தான். நர்ஸ் படிப்பு முடிந்து எனக்குப் பேட்ஜ் குத்துவதைப் பார்க்க வருகிறவள், துணியால் மூடிக் கட்டிய கூடையை எதற்காகக் கொண்டுவர வேண்டும்?

வண்டி ஓட்டி வந்தவர் மாமா, அம்மாவின் தம்பி. நான் எட்டாவது முடித்துத் தர்மபுரி ஆஸ்பத்திரிக்குப் படிக்க வந்தபோது, "படிச்சு முடிக்கட்டும், அப்பறம் உனக்குத்தான்" என்று அம்மா அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். படிப்பு அன்றோடு முடிந்தது. மாமா உள்ளே வராமல், வாசல் புளியமரத்தில் மாடுகளைக் கட்டிவிட்டு அங்கேயே நின்றுகொண்டார். கூடைக்குள் கல்யாணக் கூறைச்சேலை இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. கேட்க வாய் வரவில்லை. அப்போதும் சரி, இப்போதும் சரி, நான் அப்படித்தான்.

மெல்லக் கூடையைத் தொட்டேன்.

"பலகாரம் புள்ள. அப்பறம் பாக்கலாம், கைய எடு."

பலகார வாசனை வரவில்லை.

அம்மாவுக்கோ ஆஸ்பத்திரி மேல் சந்தேகம். பாப்பாரப்பட்டிப் பக்கம் எங்கள் ஊரில் யாராவது நெஞ்சில் வில்லை, அதாவது பேட்ஜ், போட்டு வந்தால், அது தாலுகா ஆபீஸ் சேவகர். இல்லாவிட்டால் காட்டைக் காக்கிற கார்டு. இருவருமே சொன்ன இடத்துக்கு ஓட வேண்டியவர்கள். உலகச் சண்டைக் காலம் வேறு. வில்லை குத்திய பெண்களைக் கப்பலேற்றிப் பட்டாளத்துக்கு அனுப்புகிறார்களாம் என்று சந்தையில் யாரோ சொல்லியிருந்தார்கள்.

மேட்ரனைக் கண்டதும் அம்மா நேரே கேட்டுவிட்டாள்.

"ஏனுங்கம்மா, அந்த வில்லையக் குத்திட்டா புள்ள உங்களுதாயிருங்களா?"

மேட்ரன் திருநெல்வேலிக்காரர். லேசில் சிரிக்கமாட்டார். "பிள்ளை உங்களுடையதுதான் அம்மா. வேலை மட்டும்தான் எங்களுக்கு."

"வேல செய்யறது புள்ளதானுங்களே? கப்பல்ல ஏத்துவீங்களா?"

"தர்மபுரியில் கடல் எங்கே இருக்கிறது?"

"மொரப்பூர்ல ரயிலு நிக்குதுங்களே."

மேட்ரன் பொறுமையாகச் சொன்னார்: இரண்டு வருடம் இங்கேயேதான் வேலை. விருப்பமில்லை என்றால் பேட்ஜைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இன்றைக்கே பெண்ணைக் கூட்டிப் போகலாம்.

"பாத்துட்டுச் சொல்றனுங்க" என்றாள் அம்மா.

படித்த காலம் முழுக்க எங்களை அங்கே யாரும் நம்பியதில்லை. கையில் தெர்மாமீட்டரைக் கொடுத்தால், திரும்ப வாங்கும்வரை சிஸ்டரின் கண் எங்கள் மேலேயே இருக்கும். காய்ச்சல் எவ்வளவு என்று நான் சொன்னால், அவரும் ஒருமுறை வாங்கிப் பார்ப்பார். மருந்து அலமாரிப் பக்கம் நின்றாலே "அங்கே என்ன?" என்று குரல் வரும். பேட்ஜ் குத்தியவள் சொன்னால் சொன்னதுதான். அவள் கையில்தான் அலமாரிச் சாவியும் கொடுப்பார்கள். பேட்ஜைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனால், நான் படித்ததற்கு என்ன சாட்சி?

சாயங்காலம் ஹாலில் கூடினோம். விளக்கேற்றி உறுதிமொழி சொன்னோம். என் முறை வந்து மேட்ரன் பேட்ஜைக் குத்தியபோது, நான் கடைசி பெஞ்சில் இருந்த கூடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைய டியூட்டி எனக்கு என்று சொல்லி, எல்லார் முன்னாலும் அலமாரிச் சாவியை என் உள்ளங்கையில் வைத்தார்.

வராந்தாவில் அம்மா காத்திருந்தாள். அவள் கண் வில்லை மேல் போகவில்லை. சாவி மேல் போயிற்று.

"இத உங்கிட்டயேவா குடுத்தாங்க?"

"ஆமாம்மா."

"உள்ள என்ன இருக்குது?"

"மருந்து. அதுல வெசமும் இருக்குது."

"வெசமா! உன்ன நம்பியா குடுத்தாங்க?"

"ஆமா."

"எப்பத் திருப்பிக் கேப்பாங்க?"

"டியூட்டி முடிஞ்சா அடுத்த நர்சுகிட்ட நானே குடுப்பேன்."

எங்கள் வீட்டில் தானிய அறைச் சாவி அப்பாவின் அண்ணியான பெரியம்மாவின் இடுப்பில் இருந்தது. கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து, ஒரு படி கேழ்வரகு வேண்டுமென்றாலும் அம்மா அவளிடம் போய்க் கேட்டு நிற்க வேண்டும். மாமா வீட்டிலும் அப்படியே; அங்கே மாமாவுடைய அண்ணியின் இடுப்பு. அம்மா என் சாவியை வாங்கிக் கையில் வைத்துக் கனம் பார்த்தாள். பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டு, பேட்ஜைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். பின்பக்க ஊசி லொடலொடவென்று ஆடியது.

"இது நிக்காது. வேணும்னே இப்பிடிக் குடுத்திருக்கறாங்க. தொலச்சுட்டன்னு சொல்லிச் சாவியப் புடுங்கிருவாங்க பாரு."

தாலிக்கயிற்றில் மாட்டியிருந்த ஊக்குகளில் ஒன்றைக் கழற்றினாள். பேட்ஜோடு சேர்த்து, துணியின் உட்பக்கமாகக் குத்தி அழுத்தி மூடினாள்.

"கப்பல்னு ஆராச்சும் பேச்செடுத்தா அன்னிக்கே வூட்டுக்கு வந்துரு."

கூடையைத் தூக்கியபோது மேல்துணி விலகி, உள்ளே சிவப்பு தெரிந்தது. நான் பார்த்ததை அவளும் பார்த்தாள். துணியை இழுத்து மூடிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

புளியமரத்தடியில் மாமா நிமிர்ந்தார்.

"என்னக்கா, புள்ள எங்க?"

"டூட்டியில இருக்கறா."

"அப்ப நான் இம்மாந்தூரம் வண்டி ஓட்டியாந்தது?"

"என்னக் கூட்டிட்டுப் போகத்தான். வண்டியப் பூட்டுடா."