ஒரு கயிறு அகலத்துக்கு ஒரு டிராக்டர்

1. ஷோரூமுக்குள் வந்த கயிறு

டிராக்டர் வாங்க வருகிறவர்களை வாசலிலேயே எடை போட்டுவிடுவேன் என்று எனக்கு ஒரு கொழுப்பு உண்டு. நேராக சீட்டில் ஏறி உட்கார்ந்து போட்டோ எடுக்கச் சொல்கிறவர் நிச்சயம் வாங்குவார். டயரை உதைத்துப் பார்க்கிறவர் மச்சானைக் கூட்டிக்கொண்டு மறுபடி வருவார். பானெட்டைத் தட்டி, “இது தகரமா பாய்?” என்று கேட்கிறவர் டீ மட்டும் குடித்துவிட்டுப் போவார்.

பெயர் சிக்கந்தர். வீடு கோரிப்பாளையம், வேலை ஒத்தக்கடையில் மேலூர் ரோட்டோரம் இருக்கும் டிராக்டர் ஷோரூமில். முதலாளியிலிருந்து டீக்கடைக்காரர் வரை எல்லோருக்கும் நான் ‘பாய்’தான். இங்கே புதிதாக சேல்ஸுக்கு வந்திருக்கும் பிள்ளைகள், “எந்த மாடலை எப்படி எடுத்துச் சொல்றது பாய்?” என்று என் உயிரை எடுக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பஞ்சவர்ணம் வந்த நாளில் என் எடைபோடும் வித்தை சுத்தமாகக் காலை வாரிவிட்டது. நாற்பதை ஒட்டிய வயது, மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். டியூட்டி முடிந்து நேராக வந்திருந்தார். கூடவே தம்பி வேலு. மேலூர்ப் பக்கம் கல் குவாரியில் பொக்லைன் ஓட்டியவன், நல்ல வாட்டசாட்டம். உள்ளே வந்ததும் வேலு நேராக ஐம்பது ஹெச்பி வண்டிக்குப் போய் அதன் பின்னால் மாட்டியிருந்த பொக்லைன் கையைத் தடவிக் கொடுத்தான். அக்கா எந்த வண்டியையும் பார்க்கவில்லை. கைப்பையைத் திறந்து ஒரு கயிற்றை எடுத்தார்.

சாதாரண நைலான் கயிறு, இரண்டு முனையிலும் முடிச்சு. அந்தப் பெரிய வண்டியின் பின்னால் குனிந்து, ஒரு டயரின் வெளி ஓரத்தில் முதல் முடிச்சை வைத்து இழுத்தார். அடுத்த டயரின் நடுவரைக்கும்கூடக் கயிறு எட்டவில்லை.

“இது ஆகாது,” என்றார்.

“என்னம்மா, வண்டியோட பவரே இன்னும் சொல்லலையே!” என்றேன்.

“பவர் கெடக்கட்டும்ண்ணே. அகலம் ஆகாது.”

2. அக்காவுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று

டீ சொல்லி உட்கார வைத்தேன். விஷயம் மெதுவாக வெளியே வந்தது.

மேலூருக்கு அப்பால் பஞ்சவர்ணம் நான்கு ஏக்கர் வாங்கியிருந்தார். கொய்யா வைக்கக் குழி போட வேண்டும். சுற்றிலும் கம்பி வேலிக்குக் கல்லுக்கால் ஊன்ற வேண்டும். மழை ஆரம்பிப்பதற்குள் கன்றுகள் மண்ணுக்குள் போயாக வேண்டும். ஆனால் அந்த நிலத்துக்குப் போகிற பாதை ஒரு மாட்டுவண்டிப் பாதை. நடுவில் ஒரு வளைவு. ஒரு பக்கம் கல் கட்டிய வாய்க்கால், மறுபக்கம் பக்கத்துத் தோப்புக்காரரின் வயல் வரப்பு. பெரிய வண்டி அந்த வளைவில் திரும்ப வேண்டுமென்றால் ஒரு சக்கரம் அவர் வயலில் இறங்கியே தீரும். அந்த வளைவின் அகலத்தை அளந்து முடிச்சுப் போட்டதுதான் கைப்பையில் இருந்த கயிறு.

“கேட்டா விடப்போறாரு,” என்றான் வேலு. “ஒரு வார்த்தை கேக்குறதுல என்ன பாய் கொறஞ்சு போகும்? பொக்லைன் மாட்டுன வண்டின்னா ஊர் பூரா எனக்கு வேலை இருக்கு.”

“ஊர் வேலைக்குப் போறதுக்கு முன்னாடி அது நம்ம காட்டுக்குள்ள வரணும்ல?” என்ற அக்கா, என் பக்கம் திரும்பினார். “அவங்க வயல்லதாண்ணே எங்கம்மா நாத்து நட்டாங்க, களை எடுத்தாங்க. கூலிக்கு அந்த வாசல்ல நின்னாங்க. போன மாசம் கருவேல மரம் பிடுங்க பொக்லைன் வந்துச்சு. வழி கேட்டு நானும் அதே வாசல்ல போய் நின்னேன். அவரு சாப்பிட்டு, கை கழுவி, வெத்தலை போட்டு, அப்புறமாத்தான் என்னைத் திரும்பிப் பாத்தாரு. விட்டாரு, இல்லேங்கல. ஆனா சொந்தமா நிலம் வாங்கிட்டும் இன்னொரு தடவ அங்க போய் நிக்க என்னால முடியாது.”

வேலு டம்ளரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் இன்னொரு டீ சொன்னேன்.

ஆனாலும் நான் வியாபாரி இல்லையா? மூளை இன்னொரு பக்கம் ஓடிக்கொண்டே இருந்தது. எழுந்து மூலையில் நின்ற மினி டிராக்டரிடம் போனேன். முப்பதுக்கும் குறைந்த ஹெச்பி, தோப்பு வேலைக்கென்றே வந்த மாடல். “கயிறைக் கொண்டாங்கம்மா!” என்றேன். அவர் வைத்துப் பார்த்தார். இரண்டு டயரும் கயிற்றுக்குள் அடங்கி, பக்கத்துக்கு ஒரு சாண் மிச்சம் இருந்தது. பஞ்சவர்ணத்தின் முகத்தில் அப்போதுதான் முதல் சிரிப்பு வந்தது.

“அது பொம்மை பாய்,” என்றான் வேலு. “எங்க காட்டுல மேல ஒரு அடிதான் மண்ணு. அதுக்குக் கீழ பூரா சுக்கான். கடப்பாறையப் போட்டா திருப்பி அடிக்கும். இது என்னத்தத் தோண்டும்?”

அவன் கேட்டது நியாயமான கேள்வி. சுக்கான் என்பது சுண்ணாம்பும் களியும் இறுகிப் பாறை மாதிரி கிடக்கும் அடுக்கு. மினி வண்டியில் பொக்லைன் மாட்ட முடியாது, வண்டியே மல்லாந்து விழும். மாட்டக்கூடியது ஆகர்தான். பின்பக்க லிப்டில் தொங்கி, இன்ஜின் ஓட்டத்தில் சுற்றி, திருகு மாதிரி இறங்கிக் குழி போடும் கருவி. வேலைக்கும் அதுதான் பொருத்தம் என்று எடுத்துச் சொன்னேன். பொக்லைன் கை குளம் வெட்டத் தோது. கல்லுக்காலுக்கு அதை வைத்துத் தோண்டினால் வாய் அகன்ற பள்ளம்தான் கிடைக்கும், மண்ணை எவ்வளவு மிதித்து இறுக்கினாலும் கால் ஆடும். ஆகர் போட்ட குழியில் கால் கச்சிதமாக உட்காரும். ஆனால் சுக்கானை இந்தச் சின்ன வண்டி தாங்குமா என்று கேட்டால், சத்தியமாக எனக்கே தெரியவில்லை.

“நிலத்துக்கே கொண்டாந்து டெமோ காட்டுறேம்மா,” என்றேன்.

“காட்டுங்க. ஆனா நீங்க பாக்குற எடத்துல இல்ல, நான் காட்டுற எடத்துல தோண்டணும். தோண்டிட்டா சின்னது. தோண்டலேன்னா வேலு கேக்குறதை எடுத்துக்கிறோம். நானே போய் அந்த வாசல்ல நின்னுக்கிறேன்.”

அவர்கள் போனதும் முதலாளி போனில் பிடித்தார். “என்ன பாய், பெரிய வண்டி கேட்டு வந்த பார்ட்டிய மினி பக்கம் தள்ளி விட்டீங்களாம்ல?”

“நான் தள்ளலை முதலாளி. கயிறு தள்ளிருச்சு.”

3. டெமோ

எங்கள் தொழிலில் எழுதப்படாத ஒரு வழக்கம் உண்டு. டெமோவுக்கு இடம் பார்ப்பது நாங்கள்தான். தண்ணீர் பாய்ந்த ஓரமாக, உழுது போட்ட மண்ணாகப் பார்த்து வண்டியை நிறுத்துவோம். ஆகர் வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கும், கூட்டம் வாயைப் பிளக்கும், பார்ட்டி அட்வான்ஸ் கொடுப்பார். வேறு மாதிரி டெமோ காட்டி எங்களுக்குப் பழக்கமே கிடையாது.

அன்று மினி வண்டியை ஊர் எல்லையில் இறக்கி, ஆகரை மாட்டி, பாதையில் விட்டோம். எங்கள் டெமோ டிரைவர் தங்கராசு ஓட்ட, நான் முன்னால் பின்நடை போட்டுக்கொண்டே கையைக் காட்டினேன். வளைவு வந்தது. “வா, வா, வா… லெப்ட்ல ஒடி… இன்னும் வா!” வாய்க்கால் கல்லைத் தொடாமல், வரப்பை உரசாமல் வண்டி சிட்டாகத் திரும்பியது! நான் விசில் அடித்தேவிட்டேன். இந்த வயசில் நடுப்பாதையில் நின்று விசில் அடிக்கிற ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஊரில் பாதிப் பேர் திரண்டிருந்தார்கள். பக்கத்து வரப்பில் தோப்புக்காரப் பெரியவரும் தோளில் துண்டோடு நின்றுகொண்டிருந்தார். நான் வழக்கப்படி வாய்க்கால் ஓரத்து ஈர மண்ணைப் பார்த்துக் கையைக் காட்டினேன்.

“அங்க வேணாம்ண்ணே. மெத்துன்னு இருக்குற எடத்துக்கு எங்க மம்பட்டியே போதும்,” என்ற பஞ்சவர்ணம், மேட்டு மூலைக்கு நடந்து போய்க் காலால் கோடு கிழித்தார். வெள்ளை வெள்ளையாகச் சுக்கான் கண் விழித்துக் கிடந்த இடம். “இங்க போடுங்க.”

“சேலை, துண்டு எல்லாம் தள்ளி நில்லுங்க! ஆகர் சுத்தினா துணியைப் பிடிச்சு இழுத்துரும்!” என்று கத்திக் கூட்டத்தை விலக்கினேன். தங்கராசு பழக்க தோஷத்தில் ஆக்ஸிலேட்டரை முழுதாக வைத்து, லிப்டை ஒரே இறக்காக இறக்கினான். மேல் மண் பூவாகச் சிதறியது. ஒரு அடி போயிருக்கும். வண்டி ஒரு உலுக்கு உலுக்கியது. பட்டென்று ஒரு சத்தம். இன்ஜின் ஓடுகிறது, ஆகர் சுற்றவில்லை.

ஷியர் போல்ட் முறிந்திருந்தது. ஆகர் சிக்கிக்கொண்டால் கியர்பாக்ஸ் உடைந்துவிடாமல் இருக்க, தான் முறிந்துகொள்வதற்கென்றே இருக்கும் சின்ன போல்ட் அது. எனக்கு அது தெரியும், கூட்டத்துக்குத் தெரியாது. “புது மிசினு ஒடைஞ்சு போச்சுப்பா!” என்று ஒருவர் சிரித்தார்.

பெரியவர் வரப்பில் இருந்தபடியே குரல் கொடுத்தார். “ஏம்மா பஞ்சவர்ணம், பேசாம பொக்லைனே கூப்பிட்டிருக்கலாம்ல? வழிதான் நான் விடுறேன்ல!”

பஞ்சவர்ணம் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு குழியையே பார்த்தார்.

ஜெயித்தவன் வேலுதானே? அவன் கேட்ட பெரிய வண்டிக்கு அந்த நொடியே வழி திறந்துவிட்டது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் அக்கா முகத்தைப் பார்த்தான். வரப்பைப் பார்த்தான். பிறகு விறுவிறுவென்று குழிக்கு வந்து குனிந்து, உள்ளே கையை விட்டு ஒரு சில்லை எடுத்து நசுக்கினான்.

“பாய், வேற போல்ட் இருக்கா?”

“பை நிறைய இருக்கு!”

“இதைவிட ஒல்லி ஆகர்?”

“வேன்ல ஒன்பது இஞ்ச் கெடக்கு.”

“கொண்டாங்க. தங்கராசு அண்ணே, தப்பா நெனைக்காதீங்க, கொஞ்சம் எறங்குங்க.”

சிக்கிய ஆகரைப் பைப் ரெஞ்சு போட்டுக் கையாலேயே பின்பக்கம் திருகி வெளியே எடுத்தோம். ஒல்லி ஆகரை மாட்டிப் புது போல்ட் போட்டோம். வேலு ஏறி உட்கார்ந்தான். இன்ஜின் சத்தத்தைப் பாதியாகக் குறைத்தான். லிப்ட் லீவரை இரண்டு விரலால் பிடித்தான். இறக்கினான், அரை அடி. ஏற்றினான், ஆகர் மண்ணை உதறியது. மறுபடி அரை அடி, மறுபடி உதறல். குவாரியில் பாறைக்குப் பக்கத்தில் பக்கெட் போட்டுப் பழகிய கை அது, மண் எங்கே முரண்டு பிடிக்கிறது என்று அதற்குத் தெரிந்தது. சுக்கான் கறகறவென்று அரைபட்டு வெள்ளை மாவாக மேலே வந்தது.

“எறங்குது! எறங்குதுடா!” நான்தான் கத்தினேன்.

ஒல்லிக் குழி மூன்று அடி போனதும் ஆகரை மாற்றி, முதலில் சிக்கிய பன்னிரண்டு இஞ்ச்சை அதே துளையில் விட்டான். நடுவில் ஏற்கெனவே இடம் இருந்ததால் அது ஓரத்தைச் சீவிக்கொண்டு முக்காமல் முனகாமல் போனது. தூக்கியபோது, சுவர் வழவழவென்று, குடம் இறக்கலாம் போல ஒரு குழி! கூட்டம் கைதட்டியது. சிரித்தவரே முதல் ஆளாக வந்து, “மாப்ள வேலு, நமக்கும் வேலிக்கால் குழி போடணும், வாடகைக்கு வருவியா?” என்றார். அடுத்து இன்னொருவர். நான் தங்கராசைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். பாவம், போல்ட்டை முறித்த குற்ற உணர்ச்சியில் இருந்தவன் திணறிப்போனான்.

பஞ்சவர்ணம் குழியின் ஓரத்தில் உட்கார்ந்து உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு தம்பியைப் பார்த்தார். “பெரிய வண்டி வேணும்னியேடா?”

“பெருசு பெறகு வாங்கிக்கலாம்க்கா,” என்றான் வேலு, வண்டியை விட்டு இறங்காமலே. “நீ இனிமே எங்கயும் போய் நிக்காத.”

4. வரப்பிலிருந்து வந்தவர்

கூட்டம் கலைகிற நேரத்தில் பெரியவர் வரப்பிலிருந்து இறங்கி வந்தார். குழியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

“ஏம்மா, நம்ம தோப்புலயும் தென்னம்பிள்ளை வைக்கணும். ஆளு கெடைக்க மாட்டேங்குது. இந்த மிசினை ஒரு நாளைக்கு அனுப்பி வைக்கிறியா?”

வேலு வாயைத் திறப்பதற்குள் அக்கா பதில் சொன்னார். குரலில் கோபம் இல்லை, ஆஸ்பத்திரியில் டோக்கன் சொல்கிற மாதிரிதான் இருந்தது. “அனுப்புறேங்க. மொதல்ல எங்க குழி முடியணும். அப்புறம் ரெண்டு பேரு முன்னாடியே சொல்லிருக்காங்க. அடுத்தது உங்களுக்கு.”

“சரி சரி, வரிசைப்படியே ஆகட்டும்.” பெரியவர் சற்றுத் தயங்கினார். “அந்த வளைவுல வண்டி திரும்பச் சிரமமா இருந்தா நம்ம வரப்புல ஏத்திக்கச் சொல்லு. ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

பஞ்சவர்ணம் எழுந்து சேலையில் ஒட்டியிருந்த சுக்கான் மாவைத் தட்டிவிட்டார்.

“சிரமமே இல்லைங்க. எங்க வண்டிக்கு எங்க பாதை போதும்.”

எங்க வண்டி! பில் போடவில்லை, லோன் பேப்பர் எடுக்கவில்லை, முதலாளிக்குத் தகவல்கூடப் போகவில்லை. அதற்குள் அது அவர்கள் வண்டியாகிவிட்டது. எத்தனையோ வண்டி விற்றிருக்கிறேன். எனக்குக் கண் கலங்கிய வியாபாரம் அது ஒன்றுதான்.

பிள்ளைகளே, ஹெச்பி, லிப்ட் கெப்பாசிட்டி, ஆகரா பொக்லைனா என்பதெல்லாம் கம்பெனி கொடுக்கும் நோட்டீஸில் இருக்கிறது. படித்துக்கொள்ளுங்கள். டெமோவுக்குப் போனால் பார்ட்டி காட்டுகிற இடத்தில் தோண்டுங்கள், பை நிறைய ஷியர் போல்ட் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இதற்கெல்லாம் முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. யார் வந்தாலும் டீ சொல்லிவிட்டு நான் இப்போது முதலில் அதைத்தான் கேட்கிறேன்:

“வண்டி எந்த வழியா உள்ள போகும்? அந்த வழி யாருது?”