அண்ணனின் முழங்காலும் அம்மாவின் வேண்டுதலும்

நன்றியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நினைவு மலர்களில் அது கடைசிப் பக்கத்தில்தான் வரும். அதற்குள் படிப்பவர் பந்திக்கு எழுந்து போயிருப்பார். அதோடு, எழுதிக்கொண்டே போகையில் எனக்குப் பதற்றம் வந்து யாரையாவது விட்டுவிட்டால், நம் உறவில் அந்தப் பேச்சு அடுத்த கல்யாணம் வரை ஓடும்.

அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. கடைசி மாதங்களில் கூப்பிட்ட நேரத்துக்கெல்லாம் வீட்டுக்கே வந்து பார்த்த டாக்டர் ஐயா, வேலூர் ஆஸ்பத்திரிக்குச் சலிக்காமல் கார் ஓட்டிய சேவூர் நண்பர்கள், அவர் போன அன்று தறியை நிறுத்திவிட்டு வாசலில் வந்து நின்ற தெருக்காரர்கள், தந்தி கிடைத்ததும் ரயிலேறி வந்த அண்ணனின் கடற்படைத் தோழர்கள், அனைவரையும் எங்கள் குடும்பம் கைகூப்பி வணங்குகிறது. அண்ணிக்கு நன்றி சொன்னால் திட்டுவார். அதனால் சொல்லவில்லை.

இதயம் பலவீனமாகிப் படுத்திருந்த நாட்களிலும் அண்ணன் கலங்கவில்லை. கலங்கும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் ஒருமுறை இருமினால் நான் இரண்டு முறை செருப்பை மாட்டிக்கொண்டு டாக்டர் வீட்டுக்குக் கிளம்புவேன். "டேய், இருமல் எனக்கு. நீ ஏன்டா சாவற மாதிரி நிக்கற? குந்து" என்பார். அப்படிச் சொல்லிக்கொண்டே ஒரு விடியலில் அமைதியாகப் போய்விட்டார்.

ஆரணியில் பட்டு நெசவுக் குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தவர் அண்ணன். அப்பா சீக்கிரமே காலமானார். பள்ளி முடித்த அண்ணன், வேலூரில் ஆள் எடுக்கிறார்கள் என்று யாரோ சொல்ல பஸ் ஏறிப் போனார். கடற்படைக்குத் தேர்வாகித் திரும்பி வந்தார். எங்கள் ஊரில் ஆற்றில் தண்ணீர் வந்தாலே குடும்பத்தோடு போய்ப் பார்ப்போம். இவர் கடலுக்குப் போகிறார் என்றதும் அம்மா அன்று அடுப்பு பற்றவைக்கவில்லை. தங்கையின் திருமணமும், என் தறியும், வீட்டின் மேல் தளமும் அந்தக் கடல் உழைப்பில் வந்தவைதான். ஆனாலும் அம்மாவுக்கு ஒரே ஆசை. பெரியவன் வீட்டோடு வந்து அப்பாவின் தறியில் உட்கார வேண்டும்.

அந்த ஆசை பலிக்கிற மாதிரி ஒரு வாரம் வந்தது. எழுபதுகளின் நடுவில் இருக்கும். அண்ணன் அப்போது விசாகப்பட்டினத்தில், அண்ணியோடு கடற்படைக் குடியிருப்பில் இருந்தார். கப்பல் ஏணியில் சறுக்கி முழங்காலில் அடிபட்டுச் சிகிச்சை முடிந்திருந்தது. சனிக்கிழமை உடற்தகுதிச் சோதனை. தேறினால் திங்கட்கிழமை புறப்படும் கப்பலில் போவார். தேறாவிட்டால் மருத்துவக் குழு முன் நிறுத்தி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கடிதம் பார்த்ததும் அம்மா நேராக மாரியம்மன் கோயிலுக்குப் போனார். மகன் தேறக் கூடாது, தேறாமல் வீடு வந்து சேர்ந்தால் நம் தறியிலேயே நெய்த பட்டு சாத்துகிறேன் என்று வேண்டிக்கொண்டு, குங்குமப் பொட்டலத்தை என் கையில் கொடுத்து ரயிலேற்றினார். விஷயத்தை அவனிடம் மூச்சு விடாதே என்று பத்து தடவை சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை போய்ச் சேர்ந்தேன். அண்ணன் கதவைத் திறந்தார். பையைக் கீழே வைப்பதற்கு முன்பே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ரகசியம் என்றால் எனக்கு வயிறு தாங்காது. அவர் கோபப்படவில்லை. நெற்றியை நீட்டினார்.

"வைடா. அம்மா கேட்டது அம்மாவுது. நான் ஓடறது என்னுது. ரெண்டையும் அவளே பாத்துக்கட்டும்."

மறுநாள் விடியுமுன் எழுப்பி, ஒரு சைக்கிளையும் கைக்கடிகாரத்தையும் கொடுத்துக் கடற்கரைச் சாலைக்கு அழைத்துப் போனார். அவர் ஓடுவார், நான் பக்கத்தில் சைக்கிளில் வந்து நேரம் சொல்ல வேண்டும். ஓடுகிறவருக்கு மூச்சு வாங்கவில்லை. சைக்கிள் மிதிக்கிறவனுக்கு வாங்கியது. ஒரு கட்டத்தில் அவர் வேகத்தைக் குறைத்து எனக்காகக் காத்திருந்தார். ஓடி முடித்து மணலில் தண்டால், பிறகு கம்பியில் தொங்கித் தாடையை மேலே கொண்டுபோவது. எட்டு மணிக்குள் குளித்து, வெள்ளைச் சீருடையில் கப்பலுக்கு. அங்கே துரு சுரண்டி, வண்ணம் அடித்து, கயிறு இழுத்து, முறை வந்தால் கரையிலிருந்து கப்பலுக்கு ஏறும் பலகையருகே காவல். மாலையில் மைதானத்தில் கயிறு ஏறுதல். வீட்டுக்கு வந்து காலை நீட்டினால் அண்ணி உப்புப் பொட்டலத்தைச் சுடவைத்து ஒத்தடம் கொடுப்பார். செவ்வாயும் அப்படித்தான், புதனும் அப்படித்தான். தறியில் பொழுதெல்லாம் உட்கார்கிறேன், என்னை மிஞ்சிய உழைப்பாளி யார் என்று ஊரில் பேசித் திரிந்தவன் நான். அந்த மூன்று நாளில் அந்தப் பேச்சை விட்டேன். அவர் ஒத்தடத்துக்கு உட்காரும்போது எனக்கும் தொடை வலித்தது என்பதை மட்டும் வெளியே சொல்லவில்லை.

வியாழக்கிழமை அண்ணனுக்கு நாள் முழுக்கக் கப்பலில் பணி. அன்று மாலை குடும்பத்தார் ஏறிப் பார்க்க அனுமதி உண்டு. அண்ணியும் நானும் போனோம். மேல்தளத்தில் டீ கொடுத்தார்கள். பாதி குடித்திருப்பேன், கீழே இருந்து கருப்பாகப் புகை வந்தது. மணி அடித்தது. ஒலிபெருக்கியில் இந்தியில் ஏதோ சொன்னார்கள். எனக்குப் புரிந்தது ஒன்றே ஒன்று, கப்பல் முழுகப் போகிறது. கம்பியில் மாட்டியிருந்த மிதவை வளையத்தைக் கழற்றிக் கழுத்தில் போட்டேன். பெண்களைத் தாண்டி, பிள்ளைகளைத் தாண்டி, தாயே தாயே என்று கத்திக்கொண்டு பலகை வழியாக இறங்கிக் கரையில் போய் நின்றேன். கப்பலோ கரையில் கட்டித்தான் கிடந்தது என்பது நின்ற பிறகு நினைவுக்கு வந்தது. அண்ணி, யாரோ ஒருவரின் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிதானமாக இறங்கி வந்தார்.

திரும்பிப் பார்க்கிறேன். நாங்கள் எல்லாம் வெளியே வரும் நேரத்தில் அண்ணன், முகமூடியை இழுத்துக் கட்டிக்கொண்டு, புகை வந்த துவாரத்துக்குள் தீயணைப்பு நுரைக் குழாயோடு இறங்கிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் இரண்டு பேர். சமையல்கட்டில் எண்ணெய் பற்றியிருக்கிறது. எவ்வளவு நேரம் என்று தெரியாது, எனக்கு ஒரு யுகம். செங்குத்தான அந்த இரும்பு ஏணியில் மயங்கிக் கிடந்த சமையற்காரரைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறி வந்தார். முகமெல்லாம் கரி. அவரை மற்றவர்களிடம் ஒப்படைத்துவிட்டுக் கரையில் என்னைத் தேடிப் பிடித்தார்.

"கழட்டுடா அத. தரையில யாரும் முழுகறதில்ல."

வெள்ளிக்கிழமை முழங்கால் சுரைக்காய் போல வீங்கியிருந்தது. மருத்துவ அதிகாரி அவராகவே சோதனையைத் தள்ளிவைக்கலாம் என்று சொன்னாராம். தள்ளிவைத்தால் கப்பல் இவரை விட்டுவிட்டுப் போகும். அண்ணன் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். அண்ணி ஒத்தடப் பொட்டலத்தைத் தரையில் வைத்தார்.

"அத்தை வேண்டுதலு பலிச்சா பலிச்சுட்டுப் போவட்டுமேங்க. ஊருக்குப் போயிடலாம். இந்தக் காலோட எதுக்கு?"

அண்ணன் வீங்கிய காலை மெல்ல மடக்கி நீட்டிப் பார்த்தார்.

"நேத்து கீழ இறங்கறப்ப கண்ணு ஒண்ணும் தெரியல. பின்னால வந்த பையன் என் பெல்ட்டப் புடிச்சிகினு வந்தான். நான் நின்னா அவனும் நின்னுடுவான். திங்கக்கிழமை அவங்க கடலுக்குப் போறப்ப நான் இங்க குந்திகினு இருந்தா, அவன் யார் பெல்ட்டப் புடிப்பான்?"

அண்ணி பொட்டலத்தை மறுபடி சுடவைக்க எடுத்துக்கொண்டு போனார்.

சனிக்கிழமை மைதானத்தின் ஓரத்தில், அனுமதிச் சீட்டைக் கசக்கிக்கொண்டு நின்றேன். கம்பி, தண்டால், கயிறு எல்லாம் முடிந்தது. கடைசியில் ஓட்டம். முதல் சுற்றில் ஒன்றும் தெரியவில்லை. கடைசிச் சுற்றில் அந்தக் கால் தரையில் படும்போதெல்லாம் அவர் தோள் ஒரு பக்கம் சாய்ந்தது. இளவட்டங்கள் முந்திப் போனார்கள். நேரம் பார்க்கிற அதிகாரி கடிகாரத்தை உயர்த்தினார். அம்மனிடம் அங்கேயே பேரம் ஆரம்பித்தேன். அம்மா தோற்கச் சொல்லி ஒரு சேலை நேர்ந்துகொண்டாள், நான் ஜெயிக்கச் சொல்லி இரண்டு தருகிறேன், சரிகை கெட்டியாகவே போடுகிறேன், ஜல்தி முடிவு சொல் தாயே என்றேன். பக்கத்தில் நின்ற தெலுங்குக்காரர் எனக்குத் தண்ணீர் கொடுத்தார்.

அண்ணன் கோட்டைத் தாண்டினார். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்துத் தலையசைத்தார். தேறிவிட்டார். புல்லில் படுத்துக்கிடந்தவரிடம் பேரத்தைச் சொன்னேன்.

"அம்மனையே ஏலத்துல விட்டியாடா?" என்று சிரித்தார். சிரிக்கும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டார்.

ஊர் திரும்பி இரண்டையும் நெய்தேன். அம்மா பல நாள் என்னோடு பேசவில்லை. ஆனால் அந்தச் சேலைகளுக்குக் குறுக்கே ஓடும் ஊடை நூலைத் தாரில் சுற்றிக் கொடுத்தது அவர்தான். அண்ணன் பணிக்காலம் முழுவதையும் கடலில் முடித்து, ஓய்வு பெற்றுத்தான் வீடு வந்தார்.

உறவுகளே, நண்பர்களே, அந்தத் திங்கட்கிழமையைச் சொல்லி முடிக்கிறேன். கப்பல் துறைமுகத்தை விட்டுக் கடலுக்குள் போகும்போது வீரர்கள் மேல்தளத்தில் ஓரமாக வரிசையில் நிற்பார்கள். அண்ணியும் நானும் மணலில் நின்று பார்த்தோம். எல்லோரும் வெள்ளை, எல்லோரும் ஒரே உயரம் மாதிரி. அண்ணன் எங்கே என்று தெரியாமல் எனக்குப் பதற்றம் பிடித்துக்கொண்டது. பிறகு ஒரு யோசனை வந்தது. அந்த முழங்காலோடு நேராக நிற்க முடியாது, ஒரு காலில் சாய்ந்து நிற்பவர்தான் அண்ணன் என்று வரிசையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை தேடினேன்.

ஒருவர் கூடச் சாயவில்லை.

"அண்ணி, எவருன்னே தெரியலயே" என்றேன்.

அண்ணி கண்ணை எடுக்கவில்லை. "எல்லாருக்கும் கை ஆட்டுங்க தம்பி. அதுல ஒருத்தர் நம்மவரு."

ஆட்டினேன். கப்பல் கண்ணுக்கு மறையும் வரை, அத்தனை பேருக்கும்.