தெரு முழுக்கத் திறப்பு

என் மாமனார் அக்குறணையில் துணிக்கடை வைத்திருந்தார். கார் வாங்கிய பிறகு அவரைத் துணிக்கடைக்காரர் என்று யாரும் சொல்லவில்லை. கார் முதலாளி என்றால்தான் தெரியும். எங்கள் தெருவில் அது ஒன்றுதான் கார். கல்யாண மாப்பிள்ளை அதில்தான் போவார். கண்டி ஆஸ்பத்திரிக்குப் போகும் நோயாளியும் அதில்தான் போவார். காரைக் கிளப்பும் திறப்பு, அதாவது சாவி, எப்போதும் காரிலேயே தொங்கும்; இரவல் கேட்க எவரும் கூச்சப்பட்டதில்லை. கொடுத்துவிட்டுக் கடை வாசலில் நிற்கும்போது மாமா கொஞ்சம் உயரமாகத் தெரிவார். அந்த உயரத்துக்காகத்தான் அவர் காரே வாங்கினார் என்பது என் அபிப்பிராயம்.

இதில் மூக்கை நுழைத்தது, கண்டியில் நான் வேலை பார்த்த இன்ஷூரன்ஸ் கம்பெனி. காருக்குத் திருட்டுப் பூட்டு போட்டால் கட்டணத்தில் கழிவு தருவதாக அறிவித்தார்கள். பூட்டு என்றால் ஸ்டீயரிங் வளையத்தையும் கியர்த் தண்டையும் சேர்த்துக் கவ்விக்கொள்ளும் தடித்த இரும்பு. காரை நிறுத்தும்போதெல்லாம் பூட்ட வேண்டும். பூட்டின் திறப்பு சொந்தக்காரரிடம் மட்டுமே இருக்க வேண்டும். இவ்வளவுதான் நிபந்தனை. வாடிக்கையாளருக்குக் கழிவு கொடுத்தே நொந்துபோன மனுஷர் மாமா. தனக்கும் ஒருவன் கழிவு தருகிறான் என்றதும் அவருக்கு அன்றே பெருநாள் வந்துவிட்டது. கேட்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார்.

பூட்டைப் பார்த்துத் தெரு முகம் சுளித்தது. பக்கத்து வீட்டில் ஒரு விதவை ராத்தா இருந்தார். நோன்பு மாதம் வந்தால் எங்களுக்குக் கஞ்சி அனுப்பத் தவறாதவர். அவரே கடைக்கு வந்து கேட்டார்.

“என்ன முதலாளி, நாங்க எல்லாம் ஒங்களுக்குக் கள்ளனாப் போய்ட்டமா?”

மாமாவுக்குச் சுருக்கென்றது. உடனே கண்டிக்குப் போய் அதே திறப்பைப் போலப் பல திறப்புகள் செய்வித்து வந்து, வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்தார். கார் ஓட்டத் தெரிந்தவர்களைத் தெருவில் தேடித்தான் பிடிக்க வேண்டும். அதனால் என்ன, மரியாதை எல்லோருக்கும் பொது. காரின் முன் ஆசனத்தில் ஒருநாளும் உட்கார்ந்திராத ராத்தாவும் தன் திறப்பை அலுமாரித் திறப்போடு சேர்த்து முந்தானையில் முடிந்துகொண்டார்.

எனக்குத் தலை சுற்றியது. “அப்ப பூட்டு எதுக்கு மாமா?”

“கழிவுக்கு, மகன்” என்றார், பச்சைப் பிள்ளைக்குச் சொல்வதுபோல.

ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகைக்கென்று கம்பெனிக் கந்தோரில் சொல்லிவிட்டு ஊருக்கு வந்தால் அன்று திரும்பிப் போகும் கெட்ட பழக்கம் எனக்குக் கிடையாது. தொழுதுவிட்டு எல்லோருமாகப் பள்ளியிலிருந்து வந்தோம். கடை வாசலில் காரைக் காணவில்லை. மாமாவின் முகம் வெளுத்தது. அப்புறம் சிவந்தது. நடுத்தெருவில் நின்று கத்தினார்.

“என்ட காரு எங்க? ஆருகிட்ட எல்லாம் திறப்பு ஈக்குது? எடுத்துட்டு வாங்க!”

தெருக் கதவுகள் திறந்தன. பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். கடை மேசையில் திறப்பை வைப்பதும், மாமாவின் முகத்தைப் பார்க்காமல் ஒதுங்கி நிற்பதுமாக இருந்தார்கள். ராத்தா முந்தானை முடிச்சை அவிழ்க்க நேரம் எடுத்தது. அலுமாரித் திறப்பைத் தனியே கழற்றிக்கொண்டு மற்றதைக் குவியலின் மேல் வைத்தார். எதிர்வீட்டு லொறி டிரைவரின் திறப்பு மட்டும் வரவில்லை. அவர் மாத்தளைக்கு லோடு கொண்டு போயிருக்கிறார் என்றார்கள். எனக்கு வேறு பயம். திறப்பு எத்தனை என்று கம்பெனி கேட்டால் என் வேலை என்ன ஆகும்?

பின்னேரம் அஸர் பாங்கு சொல்லும் நேரத்தில் அந்த டிரைவரே பஸ்ஸில் வந்து இறங்கினார். மாத்தளையிலிருந்து திரும்பி, லொறியைச் சொந்தக்காரரிடம் விட்டுவிட்டு அவர் வீட்டுக்கு வந்த நேரம், தலைப் பிரசவத்துக்குத் தாய் வீடு போயிருந்த மனைவிக்கு நிலைமை மோசம் என்று அலவத்துகொடையிலிருந்து ஆள் வந்ததாம். ஆண்கள் எல்லோரும் பள்ளியில். அவர் காரை எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறார்.

“கண்டி ஆஸ்பத்திரி வாசல்ல கார் ஈக்குது முதலாளி. ஒங்கட கழிவு போயிரக் கூடாதேண்டு நல்லாப் பூட்டிட்டுத்தான் உள்ள போனேன். அந்த அவசரத்துல திறப்பு எங்கயோ விழுந்துட்டு. வேற திறப்பு ஒண்டு தாங்க, கார கொண்டு வாறேன்.”

“மனுசி?”

“நல்லா ஈக்குறா. பொம்புளப் புள்ள.”

“அல்ஹம்துலில்லாஹ்!” மாமா தன் இடுப்பு வாரிலிருந்த திறப்பையே எடுத்து அவர் கையில் திணித்தார். பிறகு குவியலை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு கூட்டத்தின் பக்கம் திரும்பினார். “எடுத்துக்கங்க, எல்லாரும் அவங்கவங்கட திறப்ப எடுத்துக்கங்க.” நாலு வீட்டுக்குக் கேட்கும் சிரிப்பு வேறு.

ஒரு கையும் நீளவில்லை.

“ஈக்கட்டும் முதலாளி, ஒங்கள்ட்டயே ஈக்கட்டும்” என்றார் ராத்தா. மற்றவர்களும் அதையே சொல்லிவிட்டுக் கலைந்தார்கள். சண்டையில்லை, சச்சரவில்லை. மாமாவுக்கு அதுதான் தாங்கவில்லை. நீட்டிய கையோடு அவர் அங்கேயே நின்றார்.

கம்பெனியிலிருந்து ஆள் பூட்டைப் பார்க்க வந்தபோது, தொலைந்தது போக மற்ற எல்லாத் திறப்புகளும் எங்கள் வீட்டிலேயே இருந்தன. மாமா கையெழுத்துப் போட்ட சங்கதி ஒருவழியாக உண்மையாகிவிட்டது. பூட்டை இவ்வளவு ஒழுங்காகப் பேணும் ஒருவரைத் தான் கண்டதில்லை என்று வந்தவர் மெச்சிவிட்டுப் போனார்.

அடுத்து வந்தது எங்கள் தெருக் கல்யாணம். மாப்பிள்ளை, கண்டியிலிருந்து வாடகைக்குப் பிடித்த காரில் எங்கள் கடையைத் தாண்டிப் போனார். மாமா வாசலில் நின்று பார்த்தார். பக்கத்தில் எங்கள் கார், துடைத்து, பூட்டியபடி.

“மகன், கழிவு கெடச்சிட்டா?”

“கெடச்சிட்டு மாமா.”

தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தார்.