இரும்பு மனிதனுக்கு வைத்த பொட்டு

தாடிக்கொம்பு சாலையில் உள்ள எங்கள் வெல்டிங் பட்டறையில், சிற்ப முகாமுக்காக ஈரானிலிருந்து வந்த ஓர் அம்மா சில வாரம் வேலை செய்தார். நரைத்த முடியைத் தூக்கிக் கட்டியிருப்பார். எந்த இரும்பையும் விரலால் தட்டிக் காது கொடுத்துக் கேட்ட பிறகுதான் கையில் எடுப்பார். அவர் பேசுவதைப் போன் தமிழில் சொல்லும்.

அவர் செய்தது இரும்பில் ஓர் ஆள். ஒரு கை தன் தலையையே அமுக்குகிறது. மறு கை முகவாயைப் பிடித்து நிமிர்த்துகிறது. அமுக்கும் கை, ஊர் என்ன சொல்லுமோ என்கிற பயமாம்.

ஆயுத பூசையன்று மெஷின்களுக்குப் பொட்டு வைத்த என் மனைவி, அந்த ஆளின் இரண்டு கைகளுக்கும் வைத்துவிட்டாள்.

"அமுக்குற கைக்குப் போயி வைக்கிறியே" என்று துணியால் துடைத்தேன்.

பார்த்துக்கொண்டிருந்த அந்த அம்மா காரணம் கேட்டார். சொன்னேன். குங்குமத்தில் விரலைத் தொட்டு, துடைத்த இடத்தில் அவரே வைத்தார். போன் சொன்னது: "அதுவும் அவனுடைய கைதான்."

கண்காட்சிக்கு லாரியில் ஏற்றும்போது, "பொட்டத் தொடச்சிரவாங்கம்மா?" என்றேன். வேண்டாமென்று தலையசைத்தார்.

எத்தனையோ கேட் செய்து அனுப்பியிருக்கிறோம். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தெருமுனை வரை நான் பின்னால் போனது அந்த ஒன்றுக்குத்தான்.