நூற்றுப் பன்னிரண்டாம் எண்

அந்தப் பெரிய மருத்துவமனையின் கணினிப் பிரிவில் அவரை எல்லோரும் மாத்தண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். வார்டின் பெயர் மாறினாலும் சரி, டாக்டர் மாறினாலும் சரி, "அதுக்கென்ன, ஒரே வரியில மாத்திடலாம்" என்பார். ஆயிரம் பக்கங்களில் ஒரு சொல்லைத் தேடிப்பிடித்து அந்த இடத்தில் வேறு சொல்லைப் போடும் சின்னச் சின்ன நிரல்களை அவரே எழுதி வைத்திருந்தார். பதினாறு வருஷத்தில் ஒரு புகார் கிடையாது. "என் நாத்தனார் பேச்சை மாத்துற மாதிரி ஒண்ணு எழுதுங்களேன்" என்று மனைவி வாருவாள்.

ரசாயனத் தொழிற்சாலை எரிந்த அன்று, காலை பத்து மணிக்குள் நூற்று இருபது பேரைக் கொண்டுவந்து கிடத்தினார்கள். ஆளுக்கொரு எண் கட்டினார்கள். கணினியில் ஆளுக்கு ஒரு வரி: எண், பக்கத்தில் 'சிகிச்சையில்'. வரி மாறினால் வீட்டாரின் கைப்பேசிக்குத் தானாகவே செய்தி போய்விடும்.

பதினோரு மணிக்கு மேலதிகாரி எட்டிப் பார்த்தார். "பன்னிரண்டாம் நம்பர் போயிட்டார். மாத்திடுங்க."

'12: சிகிச்சையில்' என்று எங்கே இருந்தாலும் '12: காலமானார்' என்று போடு. மாத்தண்ணன் எழுதித் தட்டினார். 'இரண்டு வரிகள் மாற்றப்பட்டன' என்றது திரை. அவர் அதைப் படிக்கவில்லை. அடுத்த எண்ணோடு வாசலில் ஆள் நின்றுகொண்டிருந்தார். அதுவரை அந்த மருத்துவமனையில் எந்த விபத்திலும் எண் நூறைத் தாண்டியதே இல்லை. 112-க்குள்ளும் ஒரு 12 இருக்கிறது என்பது உறைத்தபோது மணி ஒன்று.

உடனே திருத்தினார். 112-இன் அப்பாவுக்குப் போன் போட்டார். அணைந்திருந்தது. மறுபடியும், மறுபடியும் போட்டுவிட்டு மாடிக்கு ஓடினார்.

இருபத்து நான்கு வயசுப் பையன். முகத்தில் கண்கள் மட்டும் தெரிந்தன. "அப்பா கிளம்பிட்டாரா சார்?"

"வந்துட்டே இருக்கார் தம்பி."

நாலே முக்காலுக்கு அவன் மூச்சு நின்றது.

அப்பா ஆறு மணிக்கு வந்தார். காலையில் பாதி வழியில் செய்தியைப் பார்த்து, பஸ்ஸை விட்டு இறங்கி, மனைவியிடம் நேரில் சொல்ல வீட்டுக்குத் திரும்பியிருந்தார். உடலை வாங்கத்தான் இப்போது வந்திருந்தார். விவரம் தெரியாத நர்ஸ், "கடைசி வரைக்கும் உங்களைத்தான் கேட்டுட்டு இருந்தார் ஐயா, நாலே முக்கால் வரைக்கும்" என்றாள்.

"நாலே முக்காலா? காலையிலேயே போயிட்டான்னு சொன்னீங்களே?"

மாத்தண்ணன் முன்னால் வந்தார். "நான்தான் ஐயா. தப்பா மாத்திட்டேன்."

பெரியவர் அடிக்கவில்லை, கத்தவும் இல்லை. "என்னடா கேட்டான் எம் புள்ள?"

"நீங்க கிளம்பிட்டீங்களான்னு."

பெரியவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

விசாரணையில் 'கணினிக் கோளாறு' என்று எழுதி முடித்தார்கள். கோளாறு கணினியில் இல்லை, என்னிடம்தான் என்று மாத்தண்ணன் தனியாக ஒரு கடிதம் கொடுத்தார். அதை யாரும் கோப்பில் சேர்க்கவில்லை. அவர் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறார். யாராவது இறந்தால் இப்போது செய்தி தானாகப் போவதில்லை. டாக்டரிடம் பெயரையும் தகப்பன் பெயரையும் இரண்டு முறை கேட்டுக்கொண்டு அவரே போன் போடுகிறார். அப்படிப் போன் போட்ட நாட்களில் வீட்டில் அவரிடம் யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை.