முதல் குடமும் இடுப்பு ஊசியும்

என் ஓரகத்தி சம்மணம் போட்டு உட்காருவதைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். கொழுந்தனின் மனைவி அவள். பாடாங் செராயில் அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். போன வருஷம் வரை இரண்டு பேருக்கும் ஒரே நோவு. முதுகெலும்பு இடுப்பெலும்போடு சேருகிற இடத்தில் ஒரு மூட்டு இருக்கிறது என்பதே வலி வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரியும். மாறி மாறித் தைலம் தேய்த்துக்கொண்டோம். அந்த நாட்களில் அவள்மேல் எனக்குப் பிரியம்கூட இருந்தது.

அப்புறம் அவள் மகன் கம்பெனி இன்சூரன்ஸ் கார்டைக் காட்டி, பினாங்கில் தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான். மூட்டுக்குள் ஓர் ஊசி போட்டார்கள். கொஞ்ச நாளில் கொல்லையில் குந்தி உட்கார்ந்து மீன் ஆய்கிறாள்! நோகாமல் நுங்கு தின்பது என்பார்களே, அதுதான். நான் அதே ஊசிக்காக சுங்கைப் பட்டாணி பெரிய ஆஸ்பத்திரியில் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன். தேதி தள்ளித் தள்ளிப் போனது.

காத்திருப்பதே ஒரு வேலை. முழங்கால்களுக்கு நடுவில் தலையணை வைத்துத்தான் படுக்க வேண்டும். எழும்போது முதலில் ஒருக்களித்து, காலைக் கீழே தொங்கவிட்டு, கையூன்றி எழ வேண்டும். ஆஸ்பத்திரி நர்ஸை இங்கே மிஸ்ஸி என்போம். பயிற்சி சொல்லிக்கொடுத்த மிஸ்ஸி, மல்லாந்து படுத்து இடுப்பை மெல்லத் தூக்கி இறக்கச் சொல்லியிருந்தாள். காலையும் மாலையும் தவறாமல் செய்தேன். அதிக நேரம் நின்றாலும் வலி, உட்கார்ந்தாலும் வலி. தொழிற்சாலை வேனில் ஏறக் காலைத் தூக்கும்போது பின்பக்கம் ஒரு பக்கமாக வெட்டி இழுக்கும். பின்னால் நிற்கிற பெண்கள் பொறுமையில்லாமல் உச்சுக் கொட்டுவார்கள். கட்டுப் போட்ட காலாக இருந்தால் ஊரே விசாரிக்கும். என் வலியை நான் சொன்னால்தான் உண்டு, சொன்னாலும் பாதிப் பேர் நம்புவதில்லை.

"பொறுத்துக்கக்கா, ஊசி போட்டா சரியாப் போயிரும்லா" என்பாள் ஓரகத்தி. சொல்லிவிட்டுக் குனிந்து என் வாசலில் கிடக்கிற சருகைப் பொறுக்குவாள். சருகு அங்கேயே கிடந்தால் என்ன?

எங்கள் எஸ்டேட் மாரியம்மன் கோயில் திருவிழாவில் முதல் பால்குடம் எங்கள் வீட்டு மூத்த மருமகளுடையது. எஸ்டேட்டை விட்டு டவுனுக்கு வந்த பிறகும் அது மாறவில்லை. ஜித்ராவிலிருந்தும் பெண்டாங்கிலிருந்தும் பழைய குடும்பங்கள் வரும். முதல் குடம் வரும்போது பெண்கள் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கும்பிடுவார்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எனக்கென்று ஊரில் இருக்கிற ஒரே மரியாதை அதுதான். இந்த வருஷம் கோயில் கூட்டத்தில் ஒருவர், "பெரியவங்களுக்கு இடுப்பு முடியலையே, சின்னவங்க தூக்கட்டும்லா" என்றார். ஓரகத்தி வேண்டாம் என்று சொல்லவில்லை.

"நான் தூக்குவேன்" என்றேன். லீவு போட்டுவிட்டு, காப்புக் கட்டும் அன்று எல்லோருக்கும் முன்னால் போய்க் கையை நீட்டினேன்.

காப்புக் கட்டினவர்கள் திருவிழா முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. பால்குடத்துக்கு முதல் நாள் மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. யாரோ ஒருவர் வரவில்லையாம், ஓர் இடம் காலியாம். "எசோக் பாகி போலே டத்தாங், காக்?" நாளைக் காலையில் வர முடியுமா அக்கா என்று கேட்டாள் மலாய் மிஸ்ஸி.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே இருவருமே கொடுத்திருப்பார்கள். ஆஸ்பத்திரி என்றால் பூசாரி தீர்த்தம் தெளித்துக் காப்பை அவிழ்த்துவிடுவார், போன வருஷம் ஒருவருக்கு அவிழ்த்ததை நானே பார்த்தேன். ஆனால் அவிழ்த்த காப்பு யார் கைக்குப் போகும் என்று எனக்குத் தெரியும். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு துணி அலசிக்கொண்டிருந்தாள்.

"தாக் போலே" என்றேன். முடியாது.

மறுநாள் சேலைக்கு உள்ளே இடுப்பு பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு குடத்தைத் தலையில் ஏற்றினேன். செம்பனைத் தோட்டத்து நிழல் முடிகிற வளைவு வரைக்கும் நன்றாகவே நடந்தேன். மஞ்சள் தண்ணீர் பாதத்தில் விழும்போதெல்லாம் மனசு குளிர்ந்தது. வளைவு தாண்டியதும் இடது பக்கம் பிடித்துக்கொண்டது. பின்னாலிருந்து ஒரு கை என் இடுப்பைத் தாங்கியது. அவள் கைதான். தட்டிவிடலாம் என்றால் என் இரண்டு கையும் குடத்தில். அவள் தாங்கத் தாங்கத்தான் கோயில் போய்ச் சேர்ந்தேன். பார்த்தவர்கள் எல்லாம் அவளைத்தான் புகழ்ந்தார்கள்.

விடிந்ததும் என்னால் கட்டிலை விட்டு எழ முடியவில்லை. அவள் வெந்நீர்ப் பையும் ரசமும் கொண்டுவந்தாள். திரும்பிப் படுக்க வைத்துப் பையை இடுப்பில் அமர்த்திப் பிடித்தாள். எனக்கு வேறு வழி தெரியாமல் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். காதில் வைக்கத் தோதுப்படவில்லை, ஸ்பீக்கரில்தான் போட்டேன். அன்றைக்குக் கொடுத்த இடத்தை நீங்கள்தானே வேண்டாம் என்றீர்கள், அது வேறொருவருக்குப் போய்விட்டது, இனிப் புதுத் தேதிதான் என்று மிஸ்ஸி மலாயில் பொறுமையாகச் சொன்னாள்.

போனை வைத்ததும் அவள் வெந்நீர்ப் பையை என் இடுப்பிலிருந்து எடுத்தாள்.

"ஊசிக்குக் கூப்பிட்டாங்களாக்கா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? குடத்த நான் தூக்கியிருப்பேன்லா."

"அதனாலதான் சொல்லல" என்றேன்.