மாவு வண்டியின் மஞ்சள் விளக்கு

மல்லசமுத்திரத்தில் என் தம்பி ஈஸ்வரின் வண்டிப் பட்டறைக்கும் என் தையல் மெஷினுக்கும் ஒரே தகரக் கூரைதான். நடுவில் சுவர் இல்லை. அதனால் அவன் வேலை செய்வதை நாள் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அடுத்தவர் வண்டியில் ஏறுவதற்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவுவான். சீட்டின் மேல் துவைத்த பழைய வேட்டியை விரிப்பான். மீட்டரில் இன்ஜின் விளக்கு எரிகிறது, கோளாறு காட்டும் ஸ்கேனரை மாட்டி அதை அணைத்துக் கொடு என்று யாராவது கேட்டால் மட்டும் மாட்டேன் என்பான்.

"அணைச்சா நாளைக்கு மறுபடி எரியுமுங்க. எதுக்கு எரியுதுன்னு பாத்துடலாம்."

அவசரக்காரர்கள் வேறு பட்டறைக்குப் போய்விடுவார்கள். அதில் அவனுக்கு வருத்தமில்லை. எனக்குத்தான் கொஞ்சம் உண்டு.

சரிதா அப்படி வேறு பட்டறைக்குப் போய்விட்டுத்தான் கடைசியில் இங்கே வந்தாள். இட்லி மாவு அரைத்து, பழைய பெட்ரோல் வேனில் ஏற்றி, திருச்செங்கோடு வரை கடை கடையாகப் போடுகிறவள். வேன் ஒவ்வொரு கடை வாசலிலும் தானாக அணைந்துபோகிறது. அந்தப் பட்டறையில் சென்சாரை மாற்றினார்கள், விளக்கு திரும்ப எரிந்தது. வண்டியின் கம்ப்யூட்டரையே மாற்ற வேண்டும் என்றார்கள். அதற்கு வழியில்லாமல், வண்டியை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு மறுபடியும் மில் வேலைக்கே போய்விடுவது என்று முடிவு செய்திருந்தாள். பழைய வண்டி வாங்கும் சடையனும் அவளோடு வந்திருந்தார். ஈஸ்வர் ஒருதரம் பார்த்துவிட்டால் மனசு ஆறும் என்றாள்.

மீட்டரில் விளக்கு இருக்கும் இடத்தில் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தது.

"இதென்னங்க, வண்டிக்குப் பொட்டு?" என்றான் ஈஸ்வர்.

"கண்ணுல பட்டா மனசு கெடுதுங்கண்ணா."

"நெத்தியில வெக்கறத மீட்டர்ல வெச்சா எப்பிடி ஓடும்?" என்றார் சடையன்.

ஈஸ்வர் ஸ்கேனரை மாட்டினான். "காத்து அதிகம், பெட்ரோல் கம்மின்னு காட்டுது."

"அங்கயும் அதையேதான் சொன்னாங்க."

அவன் வண்டியைச் சும்மா ஓடவிட்டு எண்களைப் பார்த்தான். பிறகு ஆக்ஸிலேட்டரை மிதித்துப் பார்த்தான். "பம்ப் கெட்டிருந்தா வேகத்துலதான் பெட்ரோல் பத்தாமப் போகும். இது சும்மா நிக்கறப்பதான் பெட்ரோல் அதிகமாக் கேக்குது. எங்கியோ திருட்டுக் காத்து உள்ள போகுதுங்க."

முன்சீட்டைத் தூக்கினான். அதற்குக் கீழேதான் இன்ஜின். ரப்பர் ஓஸ் பொருத்தியிருக்கும் இடங்களில் எல்லாம் சோப்புத் தண்ணீர் அடித்துக்கொண்டே வந்தான். இன்ஜினின் நடுக்கம் மாறவில்லை. பின்பக்கம், கண்ணுக்குத் தெரியாத ஓர் இடத்தில் அடித்தபோது, தண்ணீர் ஓட்டையை அடைத்ததில் இன்ஜின் ஒரு நொடி சீராக ஓடியது. இன்ஜினை அணைத்துவிட்டுக் கையை உள்ளே விட்டு எதையோ உருவி எடுத்தான்.

மடித்த சைக்கிள் டியூப் துண்டு. வெந்து, வாய் பிளந்து கிடந்தது. அதைச் சுற்றிச் செம்புக் கம்பி. கம்பியின் முனை யார் கையிலும் குத்தாதபடி உள்பக்கம் மடக்கி அழுத்தியிருந்தது. என் மெஷின் நின்றுவிட்டது. எங்கள் வீட்டுப் படலிலும் துணிக் கொடியிலும் கம்பி அப்படித்தான் முடிந்திருக்கும்.

"என்னங்கண்ணா அது?" என்றாள் சரிதா.

"இது நான் கட்டுனதுங்க."

அவன் முன்பு பள்ளிபாளையத்தில் பெட்ரோல் வண்டிகளை கேஸில் ஓடவைக்கும் கிட் மாட்டும் கடையில் வேலை பார்த்தான். இந்த வேன் அப்போது வேறொருவருடையது. கிட்டைக் கழற்றியதும் ஓஸ் மாட்டியிருந்த வாய் திறந்துகொண்டது. சரியான மூடி கையில் இல்லாததால் டியூபை வைத்துக் கட்டிவிட்டிருக்கிறான். "நாளைக்கு வாங்க, மூடி போட்டுடலாம்னு சொன்னேன். அவரு வரல. நானும் தேடிப் போகல," என்றான்.

சடையன் சிரித்தார். "சொல்லாம இருந்தா ஆருக்குச் சாமி தெரியப் போவுது?"

"அக்கா பாத்துருச்சுங்க."

நான் பார்த்தது உண்மைதான். ஆனால் தான் கட்டியது என்று சொல்லும்போது அவன் என் பக்கம் திரும்பவே இல்லை.

சரிதா அந்தத் துண்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்ப என்னைய நடுரோட்டுல வண்டி தள்ள வெச்சது நீங்கதானா?"

"ஆமாங்க."

"பொட்டு வெச்சது நானு, கட்டுப் போட்டது நீங்க. நல்லா இருக்குது போங்க. மொதல்ல சரி பண்ணுங்க."

பித்தளை மூடி போட்டு, கிளிப் வைத்து முறுக்கி, கண்ணாடி பிடித்து ஒருமுறை பார்த்தான். ஓடவிட்டு, எண்கள் இறங்கும்வரை காத்திருந்தான். அதற்குப் பிறகுதான் விளக்கை அணைத்தான்.

சரிதா ஏறி உட்கார்ந்து, காலைப் பெடலில் இருந்து எடுத்து, சீட்டின் மேல் மடித்து வைத்துக்கொண்டாள். இன்ஜின் அணையவில்லை.

"அப்ப எனக்கு இங்க சோலியில்லீங்க," என்று எழுந்தார் சடையன். சரிதா வேனின் பின்னாலிருந்து இரண்டு மாவுப் பாக்கெட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். பிறகு மில் சூப்பர்வைசருக்குப் போன் போட்டாள். இன்ஜின் சத்தத்தில் அந்தப் பக்கம் காதில் விழவில்லை போல. கத்த வேண்டியிருந்தது.

"நாளைக்கு வேலைக்கு வரலீங்க... வரலீங்கன்னு சொன்னேன்."

"வண்டிய ஆஃப் பண்ணிட்டுப் பேசுங்க," என்றான் ஈஸ்வர்.

"இருக்கட்டுமுங்கண்ணா, ஓடட்டும்."